லைப்ரரிக்கு எந்த உரிமம்? எம்ஐடி, அப்பாச்சி, எம்பிஎல், எல்ஜிபிஎல், ஜிபிஎல்: ஓர் ஒப்பீடு

உங்கள் நிரலைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்வது உரிமம். செயலிக்கு உரிமம் தேர்ந்தெடுப்பது வேறு, லைப்ரரிக்குத் தேர்ந்தெடுப்பது வேறு. செயலி தன்பாட்டில் தனியாக ஓடும். பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான லைப்ரரியோ அடுத்தவர் நிரலுக்குள் புகுந்து, கணினியில் ஓடும் அவருடைய பைனரிக் கோப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதனால் "எம்ஐடி போடலாமா, ஜிபிஎல் போடலாமா" என்று திகைத்து நிற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எந்த மொழியில் எழுதியிருக்கிறீர்கள், பயனர் அதைத் தன் நிரலோடு எப்படி இணைப்பார்? சி மொழியில் பல்லாண்டுகளாகச் சிக்கலின்றிப் புழங்கும் எல்ஜிபிஎல்லை கோ (Go) மொழியில் எழுதிய ஒரு லைப்ரரிக்கு அப்படியே போட்டால், நிறுவனங்கள் பெரும்பாலும் அதைத் தொடாமலே போய்விடும்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் "காப்புரிமை" என்ற சொல்லை இரண்டு வெவ்வேறு சட்ட உரிமைகளுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். உரிம விஷயத்தில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. இந்தக் கட்டுரையில், எழுதியவருக்கு எழுத்தின் மீதுள்ள உரிமை "பதிப்புரிமை". கண்டுபிடிப்பின் மீது பதிந்து வாங்கும் உரிமை "பேட்டண்ட்".

## எதை வைத்து எடைபோடுவது

இணைப்பு முறை. தனிக் கோப்பாக நின்று ஓடும்போது இணைகிறதா, அல்லது கம்பைல் ஆகும்போதே, அதாவது மூலநிரல் பைனரியாக மாறும்போதே, பயனரின் நிரலோடு கரைந்துவிடுகிறதா? இந்த இரண்டாவது வகைதான் ஸ்டாட்டிக் இணைப்பு.

திருத்தங்கள் திரும்பி வர வேண்டுமா. உங்கள் லைப்ரரியில் ஒரு நிறுவனம் பிழை திருத்தினால் அந்தத் திருத்தம் வெளியே வந்தாக வேண்டுமா, அவர்களிடமே இருந்தாலும் பரவாயில்லையா?

பேட்டண்ட். கம்ப்ரஷன், வீடியோ, குறியாக்கம், பேச்சறிதல் போன்ற துறைகளில் இது பெரிய விஷயம். இந்தியப் பேட்டண்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலை அதன் அளவில் பேட்டண்ட் பெறத் தகாதது என்கிறது. ஆனால் உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துபவர் அமெரிக்காவில் இருக்கலாம்.

பயனருக்கு ஏற்றும் சுமை. அறிவிப்புக் கோப்பு வைப்பது, மூலநிரல் தருவது, மாற்றிய கோப்பில் குறிப்பு எழுதுவது.

பிற உரிமங்களோடு ஒத்துப்போதல். குறிப்பாக "ஜிபிஎல் 2 மட்டும்" என்று, அதாவது ஜிபிஎல்லின் 2ஆம் பதிப்பை மட்டும் ஏற்று வைத்திருக்கும் திட்டங்களோடு.

உங்கள் கை ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறதா. மற்ற ஐந்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடக்கூடியது இது. ஆகவே இதிலிருந்தே தொடங்குவோம்.

## தேர்வு செய்யும் உரிமை உங்களிடம் இருக்கிறதா

2021 மார்ச்சில் ரூபி மொழி உலகில் நடந்ததைப் பார்க்கலாம். மைம்மேஜிக் என்ற சிறிய லைப்ரரி எம்ஐடி உரிமத்தில் இருந்தது. ரூபியின் வலைச் செயலிக் கட்டமைப்பான ரெயில்ஸ் அதைச் சார்ந்திருந்தது. கோப்பு வகைகளைக் கண்டறிய அது தன்னோடு எடுத்துச் சென்ற எக்ஸ்எம்எல் பட்டியல், ஜிபிஎல் உரிமமுள்ள வேறொரு திட்டத்துடையது. இது சுட்டிக்காட்டப்பட்டதும் பராமரிப்பாளர் பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஜிபிஎல்லில் புதிய பதிப்பை வெளியிட்டார். பழைய பதிப்பைக் குறித்து வைத்திருந்த ரெயில்ஸ் திட்டங்களில் நிறுவல் அன்றே உடைந்தது. பின்னர் ரெயில்ஸ், மைம்மேஜிக்கை விட்டு அப்பாச்சி டீக்காவின் தரவைக் கொண்டு இயங்கும் புதிய மார்செல் லைப்ரரிப் பதிப்புக்கு மாறியது. ஒரு வரி நிரலும் தவறில்லை. ஒரு தரவுக் கோப்பின் உரிமத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சொற்பட்டியல், அகராதி, எழுத்துரு, மாதிரித் தரவு என நிரலல்லாத கோப்புகளையும் எண்ணிப் பாருங்கள். தமிழ் எழுத்துப்பிழை திருத்தியோ சொல் பகுப்பியோ எழுதுபவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். நிரல் உங்களுடையதாக இருக்கும். அதற்கு உயிர் கொடுக்கும் சொற்பட்டியல் வேறொருவருடையதாக இருக்கும்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்து ஒட்டிய நாற்பது வரிச் செயற்கூறும் இந்தக் கணக்கில் வரும். அங்கே 2018 மே முதல் பதியப்படும் விடைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0இல் உள்ளன. அதே உரிமத்திலேயே பகிர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஜிபிஎல் 3க்கு மாற்றிக்கொள்ள ஒருவழிப் பாதை உண்டு. எம்ஐடிக்கு மாற்ற வழியில்லை.

இன்னொரு கட்டு, வேலை. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் போக்கில் எழுதியவற்றுக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். வேலை ஒப்பந்தங்கள் பல இதைத் தாண்டி, ஓய்வு நேரத்தில் எழுதியதையும் உள்ளே இழுக்கின்றன. திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வையுங்கள். இதை வாங்காமல் எந்த உரிமம் போட்டாலும் அதற்கு அடித்தளம் இல்லை.

## ஒரே பார்வையில்

| உரிமம் | மூலநிரல் தரும் கடமை | வெளிப்படையான பேட்டண்ட் அனுமதி | "ஜிபிஎல் 2 மட்டும்" திட்டத்தில் சேருமா | நன்கு பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| எம்ஐடி, பிஎஸ்டி | இல்லை | இல்லை | சேரும் | சிறு லைப்ரரிகள் |
| அப்பாச்சி 2.0 | இல்லை | உண்டு | சேராது | பேட்டண்ட் நிறைந்த துறைகள் |
| எம்ஐடி அல்லது அப்பாச்சி | இல்லை | அப்பாச்சியைத் தேர்ந்தால் | எம்ஐடி வழியாகச் சேரும் | ரஸ்ட் |
| எம்பிஎல் 2.0 | உங்கள் கோப்புகளுக்கு மட்டும் | உண்டு | சேரும் | ஸ்டாட்டிக் இணைப்பு மொழிகள் |
| எல்ஜிபிஎல் 2.1 | லைப்ரரிக்கு. மறு இணைப்பு வழியும் தர வேண்டும் | இல்லை | சேரும் | சி, ஜாவா |
| ஜிபிஎல் 3 | முழு நிரலுக்கும் | உண்டு | சேராது | இரட்டை உரிம வணிகம், கொள்கை முடிவு |

## எம்ஐடி, பிஎஸ்டி

எம்ஐடியின் நிபந்தனை ஒன்றே ஒன்று: பதிப்புரிமை வரியும் அனுமதிப் பத்தியும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். மூன்று கூறு பிஎஸ்டி இதோடு, உங்கள் பெயரைச் சொல்லித் தன் பொருளுக்கு விளம்பரம் தேடக் கூடாது என்பதைச் சேர்க்கிறது. பழைய நான்கு கூறு பிஎஸ்டியில் இருந்த விளம்பர நிபந்தனையைப் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999இலேயே நீக்கிவிட்டது. பழைய நிரலில் அது ஒட்டியிருந்தால் ஜிபிஎல்லோடு சேராது, கவனியுங்கள்.

அந்த ஒற்றை நிபந்தனையைத்தான் பலரும் மீறுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் மினிஃபை செய்யும்போது, அதாவது கோப்பின் அளவைச் சுருக்கும்போது, கருத்துரைகள் உதிர்ந்துவிடும். கூடவே உங்கள் பதிப்புரிமை வரியும் போய்விடும். கருத்துரையைச் சாய்கோடு, விண்மீன், ஆச்சரியக்குறி என்று தொடங்கினால் மினிஃபை கருவிகள் அதை விட்டுவைக்கும். நிரலைத் தொகுக்கும் கருவியான வெப்பேக்கின் டெர்சர் இணைப்பு அதைத் தனி உரிமக் கோப்பாகவே பிரித்து வைக்கிறது. உங்கள் லைப்ரரியின் தலைப்புக் கருத்துரையை இப்படி எழுதி வைத்தால், பயனர் அறியாமல் மீறுவதை நீங்களே தடுக்கலாம்.

பைனரியில் அறிவிப்பே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு பூஸ்ட் 1.0 உரிமம் இருக்கிறது. கம்பைலர் உருவாக்கிய பொருள்நிரலுக்கு மட்டும் அது அறிவிப்பிலிருந்து விலக்கு தருகிறது. தலைப்புக் கோப்புகளாலேயே ஆன சி++ லைப்ரரிக்கு இது எம்ஐடியைவிட நேர்மையான தேர்வு.

மறைவான விலை பேட்டண்டில் இருக்கிறது. எம்ஐடி அதைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னொன்று, அப்பாச்சி "நிரந்தரமான, உலகளாவிய" என்று எழுத்தில் சொல்கிறது. எம்ஐடி காலத்தையும் நிலப்பரப்பையும் சொல்வதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தை 5 ஆண்டு என்றும் நாடு குறிப்பிடாததை இந்தியா மட்டும் என்றும் கொள்கிறது. 30ஏ பிரிவு அதை உரிமங்களுக்கும் நீட்டுகிறது. இதனால் எம்ஐடி செல்லாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஆனால் சட்டத் துறை இருக்கும் நிறுவனத்துக்காக எழுதுகிறீர்கள் என்றால், வெளிப்படையாக எழுதியிருக்கும் உரிமம் ஒரு படி மேல்.

## அப்பாச்சி 2.0

2004 ஜனவரியில் வந்தது. 3ஆம் பிரிவுதான் இதன் உயிர். பங்களித்த ஒவ்வொருவரும் தம் பங்களிப்பைத் தொடும் பேட்டண்டுகளுக்கு அனுமதி தருகிறார்கள். யாராவது அந்தப் படைப்பின் மீதே பேட்டண்ட் வழக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்திருந்த பேட்டண்ட் அனுமதி அன்றோடு முடிகிறது. 5ஆம் பிரிவு, திட்டத்துக்கு அனுப்பப்படும் பங்களிப்பும் அதே உரிமத்தில்தான் என்று எழுதிவிடுவதால், தனிப் பங்களிப்பு ஒப்பந்தம் இல்லாமலே சிறு திட்டங்கள் ஓடும்.

பேட்டண்ட் வாசகத்தைச் சொந்தமாகச் செதுக்கினால் என்ன ஆகும் என்பதை ஃபேஸ்புக்கின் ரியாக்ட் லைப்ரரி காட்டியது. பிஎஸ்டியோடு தனிப் பேட்டண்ட் கோப்பு ஒன்றும் இருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை அந்தச் சேர்க்கையைத் தன் திட்டங்களில் தடைசெய்தது. செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு மாறியது. உரிம வாசகத்தை நீங்களாக எழுதாதீர்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள்.

அப்பாச்சியில் தவறு நடக்கும் இடம் நோட்டீஸ் கோப்பு. அதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் உங்களுக்குக் கீழே வரும் அத்தனை பேரும் சுமந்தாக வேண்டும். நன்றி சொல்வதை ரீட்மீயில் வையுங்கள்; நோட்டீஸில் கட்டாயமானதை மட்டும் எழுதுங்கள், தேவை இல்லாவிட்டால் அந்தக் கோப்பே வேண்டாம்.

பெரிய குறை, ஜிபிஎல் 2 மட்டும் என்றிருக்கும் திட்டங்களில் சேராது என்பது. ஜிபிஎல் 3இல் சேரும். "2 அல்லது அதற்குப் பிந்தையது" என்றிருந்தால் 3ஐத் தேர்ந்து சேர்க்கலாம். கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் இதற்கென்றே ஒரு விதிவிலக்கைச் சேர்த்து எழுதியது. அதுவே கம்பைலர் உருவாக்கிய பொருள்நிரலில் கலந்துபோகும் பகுதிக்கும் அறிவிப்பு விலக்கு தருகிறது. ஸ்விஃப்ட் மொழியும் அப்பாச்சியோடு ஓடுநேர லைப்ரரி விதிவிலக்கு வைத்திருப்பது இதே காரணத்துக்காகத்தான். மொழியின் அடிப்படை லைப்ரரியை எழுதுபவர் விதிவிலக்கில்லாத அப்பாச்சியைப் போட்டால், அந்த மொழியில் எழுதப்படும் ஒவ்வொரு சிறு நிரலும் உரிமப் பிரதியைச் சுமக்க வேண்டிவரும்.

## எம்ஐடி அல்லது அப்பாச்சி

ரஸ்ட் மொழியின் வழக்கம் இது. பயனர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்: ஜிபிஎல் 2 திட்டமென்றால் எம்ஐடி, பேட்டண்ட் கவலை என்றால் அப்பாச்சி. ரஸ்டின் பேக்கேஜ் கருவியான கார்கோவின் கோப்பில் இடையே "அல்லது" என்று எழுத வேண்டும். "மற்றும்" என்று எழுதினால் இரண்டின் நிபந்தனைகளையும் சேர்த்து நிறைவேற்ற வேண்டும் என்று பொருள் மாறிவிடும். ரீட்மீயின் முடிவில், வரும் பங்களிப்புகளும் இரட்டை உரிமத்தில்தான் என்ற வரியை மறக்காதீர்கள். ரஸ்டில் எழுதுகிறீர்கள், வேறு காரணம் எதுவும் இல்லை என்றால் மேலும் யோசிக்காமல் இதையே போடலாம்.

## எல்ஜிபிஎல்

மொழிக்கு மொழி முகம் மாறும் உரிமம் இதுதான். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

லைப்ரரியில் செய்த மாற்றங்களை வெளியிட வேண்டும், அதைப் பயன்படுத்தும் நிரல் மூடியே இருக்கலாம் என்று பலரும் சுருக்கிச் சொல்வார்கள். அது பாதிதான். 2.1இன் 6ஆம் பிரிவு இன்னும் இரண்டு கேட்கிறது. பயனரின் வாடிக்கையாளர் லைப்ரரியைத் திருத்தி, திருத்திய லைப்ரரியோடு அந்த நிரலை மீண்டும் இணைத்து ஓட்ட வழி இருக்க வேண்டும். அந்தத் திருத்தத்தின் பிழைகளைக் கண்டுபிடிப்பதற்காக நிரலைப் பிரித்துப் பார்க்க ஒப்பந்தம் இடம் தர வேண்டும். பிரித்துப் பார்க்கவே கூடாது என்று அச்சடித்து வைத்திருக்கும் விற்பனை ஒப்பந்தங்கள் இங்கேதான் மோதும்.

இப்போது மொழிகளைப் பாருங்கள். சியில் லைப்ரரி தனி எஸ்ஓ அல்லது டிஎல்எல் கோப்பு. மாற்றி வைத்தால் முடிந்தது. ஜாவாவில் ஜார் கோப்பை மாற்றலாம். பைத்தானில் இம்போர்ட் செய்யும் தொகுப்பை மாற்றலாம்; ஆனால் எல்லாவற்றையும் ஒரே எக்சிக்யூட்டபிளாகக் கட்டி விற்றால் அந்த எளிமை போய்விடும்.

கோ மொழியில் வழக்கமாக வருவது ஒற்றை ஸ்டாட்டிக் பைனரி. மாற்றி வைக்கத் தனிக் கோப்பு கிடையாது. விற்பவர் தம் பொருள்நிரல் கோப்புகளையும் மறு இணைப்புக்கான ஏற்பாட்டையும் தர வேண்டும். நடைமுறையில் யாரும் தரமாட்டார்கள். ரஸ்டில் பொதுவகைச் செயற்கூறுகள் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகப் பயனரின் பைனரிக்குள்ளேயே வார்க்கப்படுகின்றன. ஹாஸ்கெல்லில் ஜிஎச்சி கம்பைலர் ஒரு மாட்யூலின் செயற்கூறுகளை இன்னொன்றுக்குள் விரித்துப் போடுகிறது. லைப்ரரி எங்கே முடிந்தது, பயனர் நிரல் எங்கே தொடங்கியது என்ற கோடே அழிந்துவிடும்.

சி++ டெம்ப்ளேட்டுகளும் அப்படியே. ஐகன் என்ற நேரியல் இயற்கணித லைப்ரரி முழுக்கத் தலைப்புக் கோப்புகளால் ஆனது. முதலில் எல்ஜிபிஎல் 3இல் இருந்தது, 3.1.1 பதிப்பிலிருந்து எம்பிஎல் 2.0க்கு மாறிவிட்டது.

இந்த இடறலைத் தாண்ட மொழிச் சமூகங்கள் விதிவிலக்கு எழுதிக்கொண்டன. ஓகேமல், ஃப்ரீ பாஸ்கல், எஃப்எல்டிகே மூன்றும் எல்ஜிபிஎல்லோடு ஸ்டாட்டிக் இணைப்பை அனுமதிக்கும் பத்தியைச் சேர்த்திருக்கின்றன. காமன் லிஸ்ப்பில் ஃபிரான்ஸ் நிறுவனம் எழுதிய முன்னுரையோடு எல்எல்ஜிபிஎல் புழங்குகிறது. லிஸ்ப்பில் "இணைத்தல்" என்பதற்கே என்ன பொருள் என்று அந்த முன்னுரை விளக்குகிறது. ஜிசிசியின் சி++ லைப்ரரிக்கு ஓடுநேர விதிவிலக்கு, ஓபன்ஜேடிகேக்கு கிளாஸ்பாத் விதிவிலக்கு, இரண்டும் ஜிபிஎல்லின் மீதே எழுதப்பட்டவை. விதிவிலக்கு தேவை என்றால் உங்கள் மொழியில் ஏற்கெனவே புழங்குவதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எது சிறந்த இடம்? சியில் எழுதிய, தனிக் கோப்பாகப் பகிரப்பட்டுப் பரவும், மாற்றங்கள் திரும்பி வர வேண்டிய லைப்ரரி. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி அப்படித்தான் இருக்கிறது. உங்கள் லைப்ரரியை அப்பாச்சி அறக்கட்டளைத் திட்டங்கள் பயன்படுத்த வேண்டும் என்றால் மட்டும் இதைத் தவிருங்கள். அவர்களின் தடைப்பட்டியலில் எல்ஜிபிஎல் இருக்கிறது.

## எம்பிஎல் 2.0

எல்ஜிபிஎல் எதை விரும்பியதோ அதையே இணைப்பு முறையைப் பற்றிக் கவலைப்படாமல் சாதிக்கும் உரிமம். 2012 ஜனவரியில் வந்தது. எல்லைக்கோடு கோப்பு. உங்கள் கோப்பைத் திருத்திப் பரப்பினால் அந்தக் கோப்பின் மூலநிரலைத் தர வேண்டும். பயனர் தானாக எழுதிய புதுக் கோப்பு அவருடையது. ஸ்டாட்டிக்காக இணைத்தாலும், டெம்ப்ளேட்டாக விரிந்தாலும், மினிஃபை ஆனாலும் இந்தக் கோடு அசையாது. பேட்டண்ட் அனுமதியும் உண்டு, ஜிபிஎல் 2ஓடும் சேரும்.

இதற்கும் விலை உண்டு. கெட்டிக்காரப் பயனர் திருத்தத்தைத் தன் புதுக் கோப்பில் எழுதிவிட்டு, உங்கள் கோப்பில் அதை அழைக்கும் ஒரு வரியை மட்டும் வெளியிடலாம். மாறாக, உங்கள் செயற்கூறு ஒன்றை வெட்டித் தன் கோப்பில் ஒட்டியவர் அந்தக் கோப்பு முழுவதையும் எம்பிஎல்லுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். பலருக்கு இது தெரிவதில்லை. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூன்று வரி அறிவிப்பு இருப்பது இதனால்தான் முக்கியம். கூடவே, இரண்டாம் இணைப்பிலுள்ள "துணை உரிமங்களோடு சேராது" என்ற வாசகத்தைத் தெரியாமல் ஒட்டிவிடாதீர்கள். ஜிபிஎல்லோடு சேரும் வசதி போய்விடும்.

கோ, ரஸ்ட், ஹாஸ்கெல், சி++ ஆகியவற்றில் திருத்தங்கள் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறவர் எல்ஜிபிஎல்லை விட்டு இங்கே வரலாம். தகுதிக்கு ஏற்ற கவனம் கிடைக்காத உரிமம் இது.

## ஜிபிஎல்

ஜிபிஎல் லைப்ரரியை இணைத்துப் பரப்பும் நிரல் முழுவதும் ஜிபிஎல்லின் நிபந்தனைகளுக்குள் வர வேண்டும். கட்டளை வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் லைப்ரரி இதற்கு நிலைத்த சான்று. லிஸ்ப் மொழியை ஓட்டும் சிலிஸ்ப் அதைப் பயன்படுத்தியது. 1992இல் நடந்த கடிதப் பரிமாற்றத்தின் முடிவில் சிலிஸ்ப்பே ஜிபிஎல்லுக்கு மாறியது. மாற்று லைப்ரரி இல்லாத அளவுக்குச் சிறந்ததாக இருந்தால் இந்த இழுவிசை வேலை செய்யும். மாற்று இருந்தால் பயனர்கள் அங்கே போவார்கள்.

நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டரையும் லைப்ரரியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிபிஎல் இன்டர்பிரெட்டரில் ஓடுவதாலேயே ஒருவர் எழுதிய நிரல் ஜிபிஎல் ஆகிவிடாது. எழில் நிரலாக்க மொழி ஜிபிஎல் 3இலும், அதே சமூகத்திலிருந்து வந்த ஓப்பன்-தமிழ் பைத்தான் லைப்ரரி எம்ஐடியிலும் இருப்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: மொழியைப் பயன்படுத்தும் மாணவருக்கு ஜிபிஎல் தடையில்லை, எழுத்துகளைப் பிரிக்கும் லைப்ரரியோ எல்லா வகை நிரலுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். கம்பைலரோ பார்சர் ஆக்கியோ தன் வார்ப்புருவை வெளியீட்டில் நகலெடுத்தால் மட்டும் கதை மாறும். அதற்காகத்தான் பைசன் தனி விதிவிலக்கு வைத்திருக்கிறது.

ஜிபிஎல்லும் கட்டண உரிமமும் சேர்த்து விற்பவருக்கு ஒன்று தேவை: எல்லா வரிகளுக்கும் அவரிடம் உரிமை இருக்க வேண்டும். முதல் வெளிப் பங்களிப்பை ஏற்கும் முன்பே பங்களிப்பு ஒப்பந்தம் தயாராக இருக்க வேண்டும். பங்களிப்பவர் இந்தியாவில் இருந்தால் அதில் காலமும் நிலப்பரப்பும் எழுத்தில் இருக்கட்டும்; உரிமையையே மாற்றித் தருவதாக இருந்தால் கையொப்பமும் வேண்டும். சர்வரில் ஓட்டி மட்டும் சேவை தருபவரை ஜிபிஎல் பிடிக்காது. அதற்கு ஏஜிபிஎல் 3இன் 13ஆம் பிரிவு.

## ஒதுக்கி வைக்க வேண்டியவை

வணிகத்துக்குக் கூடாது என்று நிபந்தனை போட்டால் அது திறமூல உரிமமே அல்ல. "நன்மைக்கு மட்டும், தீமைக்கு அல்ல" என்ற ஜேசன் உரிம வரியால் அதை அப்பாச்சி அறக்கட்டளை தடைசெய்திருக்கிறது. பதிப்புரிமையைக் கைவிடுவதற்கான கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி0, பேட்டண்டை வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. அதனால் 2022இல் லினக்ஸ் திட்டமான ஃபெடோரா நிரலுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. இந்தியாவில் பதிப்புரிமையைக் கைவிட 21ஆம் பிரிவு முறையான அறிவிப்பு கேட்கிறது. "பொதுவுடைமை" என்று ரீட்மீயில் எழுதினால் பயனரின் வழக்கறிஞருக்கு அது போதாமல் போகலாம். உரிமமே போடாமல் விட்டால் யாருக்கும் எந்த அனுமதியும் இல்லை.

## முடிவு செய்தபின்

உரிம வாசகத்தை முழுதாக லைசென்ஸ் என்ற கோப்பில் வையுங்கள். பேக்கேஜ் விவரக் கோப்பில், உரிமங்களுக்கான பொதுக் குறுக்கப்பெயரான எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டை எழுதுங்கள். "பிஎஸ்டி" என்று மட்டும் எழுதினால் எந்த பிஎஸ்டி என்று கருவிக்குத் தெரியாது. ஜிபிஎல் குடும்பம் என்றால் "மட்டும்" என்பதா "அல்லது பிந்தையது" என்பதா என்று தெளிவாகக் குறியுங்கள். ஒவ்வொரு மூலக் கோப்பின் முதல் வரியிலும் அதே எஸ்பிடிஎக்ஸ் குறியீடு இருக்கட்டும். கோப்பு தனியாகப் பிரிந்து போனாலும் உரிமம் கூடவே போகும். பங்களிப்பவர்களிடம் ஒப்பந்தம் வேண்டாம் என்றால், கமிட்டில் பெயரொப்பம் கேட்கும் டிசிஓ முறை போதும்.

பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 2015இல் அப்பாச்சிக்கு மாறப்போவதாக அறிவித்தது. பங்களித்த ஒவ்வொருவரையும் தேடிச் சம்மதம் கேட்டு, 2021 செப்டம்பரில் 3.0 பதிப்போடுதான் அது முடிந்தது.

வெளியிடும் முன் உங்கள் பேக்கேஜை நீங்களே இறக்கிப் பிரித்துப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் கருவியான என்பிஎம் லைசென்ஸ் கோப்பைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும். கார்கோவில் பல கிரேட்டுகள் (ரஸ்ட் பேக்கேஜுகள்) ஒரே களஞ்சியத்தில் இருந்தால், மேலடுக்கில் உள்ள லைசென்ஸ் கோப்பு உள்ளிருக்கும் கிரேட்டுக்குள் தானாகப் போகாது. ஒவ்வொரு கிரேட்டின் அடைவிலும் தனிப் பிரதி வேண்டும்.